ஆறாவது ஆளாகப் போனேன்

மூன்று வருடம் முன்பு, ஓணம் விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த வாரத்தில் இது நடந்தது. இடம் திருவனந்தபுரம். தம்பானூரிலிருந்து ஆரியசாலைப் பக்கம் போகும் வழியில் ஒரு முக்கு இருக்கிறது. தினமும் காலையில் கட்டட வேலைக்குப் போகிறவர்கள் அங்கே வந்து நிற்பார்கள். கான்ட்ராக்டர்களின் வண்டி வரும், வேண்டிய ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும். நின்றவர்களில் பாதிப் பேர் தென்காசி, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நகரத்தின் ஓரத்தில், நேமத்தில் வீடு. ஒரு தனியார் கல்லூரியில் சமூகவியலுக்கு கெஸ்ட் லெக்சரர். ஒவ்வொரு ஜூன் மாதமும் புது ஆள் மாதிரி இன்டர்வியூவுக்குப் போய் உட்கார்ந்து, மார்ச் மாதம் வேலை இல்லாமல் ஆகிற உத்தியோகம். அப்படிப் பன்னிரண்டு வருடம் ஓட்டியாயிற்று. அதற்கு நடுவில், புத்தி கெட்டுப்போய், பி.எச்டி.க்கும் பதிந்திருந்தேன். இந்த நகரத்துக்கு வேலைக்கு வரும் தமிழ்த் தொழிலாளர்கள்தான் என் ஆய்வு. ஐந்து வருடத்தில் முடிக்க வேண்டியதை இரண்டு முறை நீட்டிப்பு வாங்கி ஏழு வருடமாக இழுத்துவிட்டேன். மூன்றாவது நீட்டிப்பு கிடைக்கும் என்று யாரும் சொல்லவில்லை. ஆய்வேட்டைக் கொடுக்க இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது.

அந்தப் பத்தொன்பது நாளுக்கு இன்னொரு கனமும் உண்டு. எங்கள் துறையில் ஒருவர் ஓய்வு பெறப்போகிறார். அந்த நிரந்தர இடத்துக்கு ஆள் எடுக்கப்போகிறார்கள். மாதக் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டால் எனக்கு வாய்ப்பு உண்டு என்று முதல்வரே ஜாடையாகச் சொல்லியிருந்தார். நாற்பத்து மூன்று வயதில் அதைக் கேட்டபோது ஸ்டாஃப் ரூம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு கொஞ்ச நேரம் அழுதேன்.

ஆய்வேட்டில் எனக்குப் பெருமை என்று ஒன்று இருந்தால் அது மூன்றாவது இயல்தான். இந்த முக்கில் தொழிலாளர்கள் ஊர் பிரிந்து நிற்கிறார்கள் என்பது அதன் மையம். கிழக்கே தென்காசிக்காரர்கள், மேற்கே சங்கரன்கோவில்காரர்கள், பஸ் ஸ்டாப் அருகே கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள். ஊரை விட்டு வந்தாலும் ஊர் விடாது என்று நாற்பது பக்கத்துக்கு எழுதியிருந்தேன். மூன்று நிறத்தில் ஒரு வரைபடமும் போட்டிருந்தேன். ஆதாரத்துக்குக் குறைச்சலே இல்லை. ஒரு புத்தகம், ஒரு ஆய்வேடு, ஒரு ஆய்விதழ்க் கட்டுரை, ஒரு கருத்தரங்கத் தொகுப்பு, ஒரு பத்திரிகைச் செய்திக் கட்டுரை. ஐந்தும் ஐந்து வகை, வெவ்வேறு ஆட்கள் எழுதியது, மூன்று மொழியில். ஒரே வாக்கியத்துக்குக் கீழே அந்த ஐந்தையும் அடுக்கி அடிக்குறிப்பு போட்டதும் அந்தப் பக்கம் இனி அசையாது என்று நினைத்தேன். என் மாணவர்களுக்குக்கூட அந்தப் பக்கத்தைக் காட்டி, மேற்கோள் என்றால் இப்படி நாலா பக்கத்திலிருந்தும் வரவேண்டும் என்று பாடம் எடுத்திருக்கிறேன்.

ஆய்வேடு கொடுப்பதற்கு முன் ஒரு கூட்டம் நடத்துவார்கள். அதில் எல்லோரும் வரைபடத்தைப் பாராட்டினார்கள். ஒருவர் மட்டும், எல்லாம் மற்றவர்கள் சொன்னதாக இருக்கிறதே, நீங்களே எடுத்த பேட்டி ஒன்றாவது இந்த இயலில் சேருங்கள் என்றார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. மற்ற இயல்களுக்கு அறுபது பேரிடம் பேசியிருக்கிறேன். இந்த ஒன்றுக்குத்தான் ஐந்து மேற்கோள் இருக்கிறதே என்று போகாமல் விட்டிருந்தேன். அதோடு, நேமத்திலிருந்து ஆறு மணிக்கு அங்கே போய் நிற்பதென்றால் வீட்டில் நாலரைக்கு அடுப்பு பற்றவேண்டும்.

வேறு வழியில்லாமல் ஒரு நாள் போனேன். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். பேட்டியில் வரவேண்டிய வாக்கியத்தை முந்தின நாளே டைப் செய்து வைத்திருந்தேன். ஆளின் வயதுக்கும் ஊருக்கும் மட்டும் இடம் விட்டிருந்தேன்.

முக்கில் ஒரு டீக்கடை. என் கையில் நோட்டைப் பார்த்ததும், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே டீக்கடைக்காரர் கரண்டியால் ஒருவரைக் காட்டினார். கைலியும் கட்டம் போட்ட சட்டையும் போட்ட ஒரு கொத்தனார், ஐம்பத்தைந்து வயது இருக்கும். தோளில் தொங்கிய பைக்கு வெளியே ரசமட்டம் நீட்டிக்கொண்டிருந்தது. தமிழும் மலையாளமும் ஒன்றுபோலப் பேசுவார், பொறுமையான ஆள் என்று டீக்கடைக்காரர் சொன்னார். நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டேன்.

கேட்டேன். ஊர் பிரிந்துதானே நிற்கிறீர்கள் என்று.

"ஆமா டீச்சரே. ஊர்க்காரன் ஊர்க்காரன்கூடத்தான் நிப்பான். ஒரு ஆத்திர அவசரத்துக்கு ஊரு ஆளு வேணும்லா" என்றார்.

என் காதை நம்ப முடியவில்லை. ஏறத்தாழ இதே வாக்கியம் என் ஐந்து ஆதாரங்களிலும் இருக்கிறது. ஒன்றில் ஆங்கிலத்தில், இரண்டில் மலையாளத்தில், இரண்டில் தமிழில். ஆறாவதாக ஒருவர் வாயிலிருந்து அதுவே வருகிறதே என்று உள்ளுக்குள் துள்ளினேன். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

பிறகு ஒப்புதல் படிவத்தை நீட்டினேன். பேட்டி தருபவர் சம்மதத்தோடுதான் தருகிறார் என்பதற்கான தாள் அது, இரண்டு பக்கம். முறைப்படி செய்கிற ஆள் நான் என்பதால் ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டினேன். அவர் பையைக் கீழே வைத்துக் குத்தவைத்து உட்கார்ந்து, தாளை டீக்கடை பெஞ்சின் மேல் பரப்பி, இனிஷியலோடு முழுப் பெயரையும் தமிழில் அழுத்தி எழுதத் தொடங்கினார். அந்த நேரத்தில் மேற்குப் பக்கமாக ஒரு பிக்கப் வந்து நின்றது. ஆட்கள் ஓடினார்கள். அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார், கடைசி எழுத்தையும் எழுதி முடித்தார், எழுந்தார். அதற்குள் வண்டி வளைவில் திரும்பிவிட்டது.

"போச்சு" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார்.

அடுத்த வண்டி வருமல்லவா என்று கேட்டேன். அந்தக் கேள்வியை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

"ஏழு மணிக்கு மேல நமக்கு வண்டி கெடையாது. இன்னைக்கு உள்ள பணி போயாச்சு." பூட்டியிருந்த ஒரு கடைப் படியில் உட்கார்ந்தார். "நீங்களும் ஒக்காருங்க. இனி மெதுவாப் பேசலாம். நீங்க ஆறாவது ஆளு, கேட்டோ."

எனக்குப் புரியவில்லை. அவர் விரலை மடக்கி எண்ணினார். முதலில் வந்தது ஒரு பெண், நல்ல மழை, குடை பிடித்துக்கொண்டே எழுதினாள். அடுத்து வந்த தாடிக்காரர் முகத்தைப் படம் எடுக்காமல் கையை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். மூன்றாவது, மதுரைப் பக்கத்திலிருந்து ஒருவர். நான்காவது, ரெக்கார்டர் வைத்துக்கொண்டு இரண்டு பேர் சேர்ந்து. ஐந்தாவதாக ஒரு சார், டீ வாங்கிக் கொடுத்தார், எதையுமே எழுதிக்கொள்ளவில்லை, ஆனால் புத்தகம் போட்டிருப்பதாகப் பின்னால் யாரோ சொன்னார்கள்.

அவர் ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல என் அடிக்குறிப்பு எனக்குள் ஓடியது. கை மட்டும் உள்ள படம் பத்திரிகைக் கட்டுரையில் இருக்கிறது. மதுரைக்காரர் எழுதியது கருத்தரங்கத் தொகுப்பில். இரண்டு பேர் சேர்ந்து எழுதியது ஆய்விதழில். பேட்டி கொடுத்தவர் பெயரை வெளியிடக் கூடாது என்பது எங்கள் துறையில் ஒழுக்கம். அதனால் ஒரு இடத்தில் அவர் 'ஒரு கொத்தனார்', ஒரு இடத்தில் 'தென்காசி வட்டாரத்து மூத்த தொழிலாளி', இன்னொன்றில் வெறும் ஒரு எழுத்து. புத்தகத்தில் 'தொழிலாளர்கள் கூறுகிறார்கள்' என்று பன்மையாகவே ஆகிவிட்டார். வெவ்வேறு ஆட்கள் எழுதிய ஐந்து வகை ஆதாரமும் கைலி கட்டிக்கொண்டு என் பக்கத்தில் ஒரே ஆளாக உட்கார்ந்திருந்தது.

"ஆனா, ஊர் பிரிஞ்சு நிக்கிறது உண்மைதானே?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "மொதல்ல வந்த பிள்ள, ஊர்க்காரங்க சேந்து நிப்பீங்களான்னு கேட்டா. வண்டி வார நேரம். ஆமான்னேன். அடுத்தால வந்தவரு, தென்காசிக்காரங்க கிழக்கயாமேன்னாரு. நான் தென்காசி, அன்னைக்கு நின்னது கிழக்க. அதுக்கும் ஆமான்னேன். பொறவு வந்தவங்கல்லாம் எழுதுன பேப்பரக் கையில வச்சுக்கிட்டுல்லா கேக்காவ. படிச்சவங்க எழுதிருக்காவ, இல்லன்னு சொன்னா அதுக்கு ஒரு மணிக்கூர் பேசணும். ஆமான்னா அஞ்சு நிமிசத்துல விட்டுருவாவ, வண்டியப் பிடிச்சிரலாம். ஒப்பு வாங்குனது நீங்க ஒருத்தர்தான்."

ஒப்பு என்றால் மலையாளத்தில் கையெழுத்து. என் முறையான இரண்டு பக்கப் படிவம்தான் அவர் அன்றைய வேலையைத் தின்றிருக்கிறது. வண்டி போனதால்தான் எனக்கு உண்மையும் கிடைத்தது.

"பின்னே எதை வச்சு நிக்கிறீங்க?"

"டைல்ஸ், பூச்சு வேலைக்கு உள்ள வண்டி மேக்க நிக்கும். கான்கிரீட்டுக்கு உள்ளது கிழக்க. வெயில் ஏறுனா பஸ் ஸ்டாப்புல நெழலு. இதுல என்னத்த ஊரு? நீங்களே பாருங்க."

பார்த்தேன். என் வரைபடத்தில் சங்கரன்கோவில்காரர்களுக்கென்று சிவப்பு அடித்திருந்த மேற்குப் பக்கத்தில் மீதம் நின்ற நாலைந்து பேரிடம் அவர் இருந்த இடத்திலிருந்தே சத்தம் போட்டு ஊர் கேட்டார். ஒருவர் தென்காசி, ஒருவர் வள்ளியூர், ஒருவர் வேலூர், இரண்டு பேர் வங்காளம். சங்கரன்கோவில்காரர் ஒருவர்கூட இல்லை. பன்னிரண்டு வருடமாக நான் இந்த முக்கை பஸ்ஸில் தாண்டுகிறேன், போக ஒரு தடவை, வர ஒரு தடவை. நான் தாண்டும் எட்டரை மணிக்கு இங்கே ஒருவரும் இருக்கமாட்டார்கள். ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து, இந்த முக்கைப் பற்றி மற்றவர்கள் எழுதியதை அடிக்கோடு போட்டுப் படித்துக்கொண்டு போவேன்.

என்னால் உங்கள் வேலை போய்விட்டதே என்றேன். "சாரமில்ல டீச்சரே, ஒரு நாளு" என்று, பரவாயில்லை என்பதை மலையாளத்தில் சொல்லியபடி எழுந்து பையைத் தோளில் மாட்டினார். தேவைப்பட்டால் கூப்பிடுங்கள் என்று நம்பரும் கொடுத்தார். ஆரியசாலைப் பக்கம் மெதுவாக நடந்து போனார், அவசரம் எதுவும் இல்லாத ஆள் நடப்பதுபோல.

அன்று மதியமே என் ஆய்வுக் கைடைப் போய்ப் பார்த்தேன். மலையாளி, நல்ல மனிதர், அடுத்த வருடம் ஓய்வு பெறப்போகிறவர். மேசையில் திருத்த வேண்டிய ஆய்வேடுகள் அடுக்கடுக்காக இருந்தன. நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தார். அவரும் சாரமில்ல என்றுதான் சொன்னார். அந்தப் பேட்டியைச் சேர்க்காதே, "மற்றே அஞ்செண்ணம் உண்டல்லோ" என்றார். மற்ற ஐந்து இருக்கிறதே என்று அர்த்தம். அந்த ஐந்தும் ஒன்றுதான் சார் என்று மறுபடி ஆரம்பத்திலிருந்து சொல்ல எனக்கும் தெம்பில்லை, கேட்க அவருக்கும் தெம்பில்லை. அச்சில் வந்ததை மேற்கோள் காட்டுவது தப்பில்லை, நீ யோசித்துச் சொல், கையெழுத்துப் போட நான் தயார் என்று அனுப்பிவைத்தார்.

வீட்டில் என் கணவரும் அதையே வேறு மாதிரி சொன்னார். "நீ வாயத் தொறந்து சொல்லலன்னா யாருக்குத் தெரியப் போகுது? அந்த எடம் கெடச்சா ஜூன் மாச இன்டர்வியூ ஒழியும்." அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஏழு வருடமாகத் தன் சட்டைக்குத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டவர் அவர்.

அப்படியே விட்டுவிடத்தான் நானும் முடிவு செய்தேன். மூன்று நாள் முயற்சியும் செய்தேன். மூன்றாவது இயலைத் திறப்பேன், அந்தப் பக்கம் வந்ததும் ஒப்புதல் படிவம் ஞாபகம் வரும். பையிலிருந்து எடுத்துப் பார்ப்பேன். பேனாவை அழுத்தி எழுதியதில் எழுத்து தாளின் பின்பக்கம் வரை தடித்திருக்கும். மூடிவைப்பேன். நான் பெரிய நேர்மைக்காரி என்று யாரும் நினைக்க வேண்டாம். களைப்புதான் காரணம். ஏழு வருடத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்த விஷயம் அந்த ஒன்றுதான். அதையும் தெரியாததுபோல நாற்பது பக்கம் மெழுகவேண்டும், பிறகு ஆயுள் முழுக்க யாராவது அந்த வரைபடத்தைப் பாராட்டும்போதெல்லாம் சிரிக்கவேண்டும்.

நான்காம் நாள், நடந்ததை எல்லாம் எழுதி, மூன்றாவது நீட்டிப்பு கேட்டு விண்ணப்பம் கொடுத்தேன். கைடு கையெழுத்துப் போட்டார். நல்ல வேளையாக எட்டு மாதம் கிடைத்தது. அந்த எட்டு மாதத்தில் எங்கள் துறை நிரந்தர இடத்துக்கு வேறொருவர் வந்துவிட்டார், என்னைவிடப் பதினோரு வயது இளையவர். நன்றாகப் பாடம் எடுக்கிறார். ஸ்டாஃப் ரூமில் பக்கத்து நாற்காலி. அவரை மனதுக்குள் திட்டுவதற்குக்கூட ஒரு காரணம் கிடைக்கவில்லை.

வரைபடத்தைக் கிழித்தேன். நாற்பது பக்கத்தை அழித்தேன். வாரத்தில் இரண்டு நாள் விடிவதற்குள் அந்த முக்குக்குப் போனேன். வண்டிகள் வந்து போகும் வரை யாரையும் எதுவும் கேட்பதில்லை, ஓரமாக நின்று பார்த்து எழுதிக்கொள்வேன். ஏழு மணிக்கு மேல், அன்று வேலை கிடைக்காமல் மிஞ்சியவர்களிடம் மட்டும் பேசுவேன். படிவத்தையும் அப்போதுதான் எடுப்பேன். கொத்தனார் சில நாள் பிக்கப்பில் ஏறிக்கொண்டே கை காட்டுவார். எனக்குச் சந்தோஷமாக இருக்கும், அவரைப் பேட்டி எடுக்க வேண்டியதில்லையே என்று.

புது இயலில் ஒரு நீளமான அடிக்குறிப்பு போட்டேன். ஐந்து ஆதாரங்களின் பெயரையும் எழுதி, இவை ஐந்தும் ஒரே மனிதரின் அவசரமான பதிலிலிருந்து வந்தவை, ஆறாவதாகப் போன நானும் அதே பதிலைத்தான் வாங்கினேன் என்று சொல்லியிருந்தேன். அவற்றை எழுதியவர்களில் இரண்டு பேருக்குக் கடிதமும் எழுதினேன். ஒருவர் நன்றி என்று ஒரு வார்த்தை அனுப்பினார். இன்னொருவரிடமிருந்து இன்றுவரை பதில் இல்லை. போன வருடம் பட்டம் கிடைத்தது. இப்போதும் நான் கெஸ்ட் லெக்சரர்தான். வருத்தமில்லை என்று சொன்னால் அது பொய். ஜூன் மாதம் இன்டர்வியூ வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது நன்றாகவே வலிக்கும்.

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. கொத்தனார்தான்.

"டீச்சரே, ஏழாவது ஆளு வந்தாவ. உங்க எழுத்தத்தான் காப்பி எடுத்துக் கொண்டாந்தாவ."

எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைக்கவில்லை. என்ன கேட்டார்கள் என்றேன்.

"வண்டி நிக்கிற எடத்தையும் நெழலையும் பாத்துத்தான் நிப்பீங்களாமேன்னு கேட்டாவ. ஆமான்னேன்."

"இப்பவும் அப்படித்தானே?"

"எங்க டீச்சரே! இப்ப யாரு அங்க வந்து நிக்கா? முந்தின நாளே போன்ல கூப்பிட்டு, நேரா சைட்டுக்கு வான்னுருதாவ. முக்குல பத்துப் பேரு இல்ல. நான் அன்னைக்கு டீ குடிக்கத்தான் போனேன்."

"பின்னே ஏன் ஆமான்னு சொன்னீங்க?"

"உங்க பேப்பரக் காட்டித்தான கேட்டாவ. நீங்க எழுதுனத நான் இல்லங்கலாமா? கான்ட்ராக்டரு போன் வேற வந்துக்கிட்டே இருந்துச்சு, டீச்சரே."

போனை வைத்தேன். அந்த ஏழாவது ஆள் யார் என்று எனக்குத் தெரியாது. அவர் எழுதும் பக்கத்தின் அடியில் என் பெயர் ஏறியிருக்கும், அவருக்கும் அந்தப் பக்கம் அசையாது என்று தோன்றியிருக்கும். இப்போதும் மாணவர்களுக்கு மேற்கோள் பாடம் எடுக்கிறேன், பழைய உற்சாகம் இல்லாமல்தான். எந்தப் பக்கத்தின் அடியிலாவது வரிசையாகப் பெயர்களைப் பார்த்தால், அவற்றுக்குப் பின்னால் வேலைக்கு நேரமாகிறதே என்று 'ஆமா' சொல்லிவிட்டுப் போன ஒருவர் இருக்கிறாரா என்றுதான் முதலில் தேடுகிறேன், அந்த வரிசையில் இப்போது என் பெயரும் இருப்பது தெரிந்தே.